வலிக்காத கால்

போன விரல் போகட்டும், மிச்சம் இருக்கிற ஒன்பதில் ஒன்றைக்கூட எவனுக்கும் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டேதான் அனபிகா உர்கென்ச் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தாள். வந்தவள் மெத்தையில் சாயவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. புருஷன் மத்யாகூப் முன்னால் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க."

"எந்தச் சாவி?"

"என் வேன் சாவி. சட்டைப் பையில கையை விட்டுக்கிட்டு நிக்கறீங்களே, அந்தச் சாவி."

"கால்ல கட்டோட வந்திருக்க. அதை வெச்சு என்ன பண்ணப்போற?"

"தலைகாணிக்கு அடியில வெச்சுப் படுக்கப்போறேன். உங்களுக்கென்ன?"

அவன் கொடுத்துவிட்டான். கொடுக்காமல் என்ன செய்வான்? வேன் அவளுடையது. கீவா நகரைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் அந்தக் காலத்தில் எந்தப் பொம்பளையும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. இவள் ஓட்டக் கற்றுக்கொண்டபோது ஊரே கைகொட்டிச் சிரித்தது. அப்புறம் அதே ஊர்தான் முலாம்பழக் காலம் வந்தால், "அனபிகா, எங்க பழத்தையும் கொஞ்சம் ஏத்திக்கோயேன்" என்று வாசலில் வந்து நின்றது. மத்யாகூபுக்குத் தோட்டம் தெரியும், பழம் தெரியும், வண்டி ஓட்ட வராது. பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, குர்லனிலிருந்து ஒரு ஆள் வந்து வேனை விலைக்குக் கேட்டிருக்கிறான். இவனும் பல்லைக் காட்டித் தலையாட்டியிருக்கிறான். அந்தச் சேதி அவள் காதுக்கு ஆஸ்பத்திரி வார்டிலேயே வந்துவிட்டது.

சர்க்கரை வியாதி அவளுக்குப் பல வருஷமாக உண்டு. மாத்திரையை நினைத்தால் போடுவாள், மறந்தால் விட்டுவிடுவாள். இந்தக் கோடையில் புதுச் செருப்பு வலது காலின் சுண்டுவிரலைக் கடித்தது. கடித்ததே தெரியவில்லை. "விரல் சிவந்திருக்கே, வலிக்கலையா?" என்று மத்யாகூப் கேட்டபோது, "என்ன வலி?" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனவள்தான். நாற்றம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். விரலை எடுக்கவேண்டியதாகிவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஸாபிரோவ் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்: "இங்க பாருங்கம்மா, வெட்டினது நான். ஆத்தறது நான் இல்ல, உங்க ரத்தம். சுகர் மிஷின்ல நம்பர் பத்துக்குக் கீழ நிக்கணும். ஏழு, எட்டுன்னா ரொம்ப நல்லது. மேலேயே நின்னுதுன்னா புண்ணு ஆறாது, கறுக்கும். கறுத்தா அடுத்த தடவை கணுக்காலுக்கு மேல."

"கணுக்காலுக்கு மேலயா? அப்ப ஆக்சிலரேட்டரை எதால மிதிக்கறது? உங்க கத்தியாலயா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "நேரத்துக்கு இன்சுலின் ஊசி, நேரத்துக்குச் சாப்பாடு. பட்டினி கிடக்காதீங்க, புண்ணு ஆற மாமிசம், முட்டை, தயிர் எல்லாம் வேணும். இனிப்பு வேண்டாம். முலாம்பழத்தைப் பாக்கவே பாக்காதீங்க" என்றார்.

முலாம்பழக் காலத்தில், முலாம்பழத் தோட்டக்காரன் வீட்டில்! முற்றம் முழுக்கப் பழம் குவிந்து கிடக்க, அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்து அவள் முகத்திலேயே உட்கார்ந்தது. அனபிகா பல்லைக் கடித்துக்கொண்டாள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பாள், அப்படிப்பட்டவள். ஒரு திராட்சைகூட வாயில் போடமாட்டேன் என்றாள், போடவும் இல்லை.

அவளைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் பாஷ்ஷாஜான் மூட்டையோடு வந்து இறங்கினாள். மத்யாகூபின் அக்கா, விதவை, அடுத்த தெருவில் வீடு. பாஷ்ஷாஜானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நேரம் இருக்காது. தெருவில் யார் படுத்தாலும் முதலில் வந்து நிற்பவள் அவள்தான். அருவருப்பு பார்க்கமாட்டாள், கூலி எதிர்பார்க்கமாட்டாள். ஆனால் வாய்! அந்த வாய்க்கு மூடி போட ஆண்டவனே மறந்துவிட்டான்.

"உடம்புல கத்தி பட்டுடுச்சு. ரத்தம் போயிடுச்சு. உடம்பு ஜில்லுன்னு குளிர்ந்து கிடக்கு. சூடு ஏத்தணும்" என்று வந்த அன்றே தீர்ப்பு சொன்னாள். காலையில் ஒரு பானை, மத்தியானம் ஒரு பானை, சாயங்காலம் ஒரு பானை நவோத் டீ போட்டு அனபிகா கையில் கொடுத்தாள்.

நவோத் என்பது தேன் நிறத்தில் நூலைச் சுற்றி விளைந்த கல்கண்டு. கல்கண்டு சர்க்கரைதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் பக்கம் வந்து அப்படிக் கேட்டுப் பாருங்கள், அடிக்க வருவார்கள். சர்க்கரை டீக்குப் போடுவது, நவோத் மருந்து. வயிற்றுவலிக்கு நவோத், சளிக்கு நவோத், பிள்ளை பெற்றவளுக்கு நவோத். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ரொட்டியோடு ஒரு பொட்டலம் நவோத் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். அனபிகாவும் அதைக் குடித்து வளர்ந்தவள்தானே. ஜாமைத் தள்ளினாள், தேனைத் தள்ளினாள், திராட்சையைத் தள்ளினாள். நவோத் டீயைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தாள். அதில் அவளுக்கு ஒரு உறுத்தலும் இல்லை.

மிஷினில் நம்பர் பதினைந்து, பதினாறு என்று நின்றது. எங்கள் பக்கத்து மிஷினில் பத்து என்றால் உங்கள் கணக்கில் நூற்றெண்பது. மருமகள் ஓய்ஜமால் நேரம் தவறாமல் ஊசி போட்டாள். நம்பர் இறங்குவேனா என்றது.

கட்டு மாற்ற வந்த நர்ஸ் புண்ணைப் பார்த்து முகம் சுளித்தாள். ஓரத்தில் கறுப்பு நூல் ஓட்டினமாதிரி ஒரு கோடு.

"ஒளிச்சு வெச்சுத் தின்னறீங்களா?"

"யாரு? நானா? என்னைப் பாத்துக் கேக்கறியா இந்தக் கேள்வியை?"

"நம்பர் தானா ஏறுமா?"

"ஏய், என் வீட்டுலயே உக்காந்து என்னைத் திருடிங்கறியா? முற்றம் முழுக்கப் பழம் கிடக்கு, ஒரு கீத்து தொட்டிருந்தா என் நாக்கு அழுகிப்போகட்டும்!"

நர்ஸ் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மத்யாகூபுக்கும் சந்தேகம். அவள் கொல்லைப்புறம் போன நேரம் பார்த்துத் தலையணையைத் தூக்கிப் பார்த்தான், மிட்டாய் இருக்கும் என்று. சாவிதான் இருந்தது. திரும்பி வந்தவள் அதைப் பார்த்தாள், தலையணையைச் சரிசெய்து சாய்ந்துகொண்டாள். அன்றைக்குத்தான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. ஒன்றும் தின்னாமலே கால் கறுக்கிறது என்றால் யாரோடு சண்டை போடுவது?

மறுநாள் காலை ஓய்ஜமால் ஊசியை வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றாள்.

"அத்தே, ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது."

"திட்டறதும் திட்டாததும் நீ சொல்றதைப் பொறுத்தது. சொல்லு."

"பெரியம்மா போடற டீ..."

"அது மருந்துடி."

"மருந்துன்னா மிஷின் ஏறக்கூடாதில்ல? பாத்துடலாமே."

அனபிகாவுக்குக் கோபம் வந்தது. வந்தாலும் விரலை நீட்டினாள். ஒன்பது காட்டியது. அப்புறம் வேறு எதையும் தொடாமல், வழக்கம்போல நவோத் டீயை இரண்டு கிண்ணம் குடித்தாள். ஓய்ஜமால் தந்தூரில் ரொட்டி சுட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி குத்திப் பார்த்தாள். பதினேழு.

அனபிகா அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திராட்சையைத் தள்ளிய பெருமை, நர்ஸிடம் போட்ட சபதம், எல்லாம் மூஞ்சியில் வந்து விழுந்தன. வெட்கமாக இருந்தது. வெட்கம் அவளுக்குப் பழக்கமில்லாத சாமான், அதனால் அது சீக்கிரமே ஆத்திரமாக மாறியது.

"வாசல்ல காவல் போட்டு, திருடனைக் கொல்லைப்பக்கமா நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கேன்டி" என்றாள். "இனிமே இந்த வீட்டுல என் கிண்ணத்துல வெறும் பச்சை டீதான். அவ்வளவுதான்."

பாஷ்ஷாஜான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "என்னடி புதுக்கதை? நவோத்தாவது, சுகராவது! எங்கம்மா எட்டுப் பெத்தா. எட்டு தடவையும் நவோத் டீ குடிச்சுத்தான் எழுந்து நின்னா."

"உங்கம்மாவுக்கு யாரும் விரலை வெட்டலையே அண்ணி."

"அந்த மிஷின் பொய் சொல்லுது."

"பொய் சொல்றதா இருந்தா எனக்குப் பிடிச்ச பொய்யா சொல்லக்கூடாதா? டீக்கு முன்னாடி ஒன்பது, டீக்கு அப்புறம் பதினேழு. கட்டியெல்லாம் எடுத்து டப்பாவுல போட்டு மூடுங்க."

ஒரே ஒரு கட்டியை மட்டும் காகிதத்தில் சுற்றிச் சாவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஊசி போட்டபிறகு சர்க்கரை ரொம்ப இறங்கி, கைகால் நடுங்கி வேர்த்துக் கொட்டினால் உடனே வாயில் ஒரு இனிப்பு போடச் சொல்லியிருந்தார் டாக்டர். "இப்பத்தான் இது மருந்து" என்று பாஷ்ஷாஜானுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

நம்பர் இறங்க ஆரம்பித்தது. பதினொன்று, பத்து, ஒருநாள் எட்டு. ஆனால் வீட்டுக்குள் இருந்த நவோத்தை டப்பாவில் போட்டு மூடலாம், வெளியிலிருந்து வருகிறதை என்ன செய்வது? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்கள் ஊரில் நோயாளி வீட்டுக்கு விருந்து ஓயவே ஓயாது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு தெருப் பெண்கள் திரண்டு வந்தார்கள். முன்னால் பக்கத்துவீட்டு யாகுத்ஜான். துணி மூட்டையில் நெய் ரொட்டி, நவோத், அதற்கு மேலே அறுத்து வைத்த முலாம்பழம். விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து, கையேந்தி ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். யாகுத்ஜான் நெய் ரொட்டியைப் பிய்த்து, பழத்தின் மேல் வைத்து நோயாளியின் வாயருகே நீட்டினாள். நோயாளி அதை ஒரு கடி கடித்தாகவேண்டும். கடிக்காவிட்டால் கொண்டுவந்தவளின் முகத்தில் அடித்தமாதிரி.

"எனக்கு வேணாம் யாகுத்" என்றாள் அனபிகா.

"வோய்! சும்மா பல்லுல படட்டும்."

"படவேணாம்."

"ஒரு துண்டு தின்னா செத்தா போயிடுவ?"

"சாகமாட்டேன், கால் போகும். போனா உன் காலைக் கழட்டித் தருவியா? தர்றதா இருந்தா சொல்லு, தட்டோட தின்னறேன்."

யாரும் சிரிக்கவில்லை. நீட்டிய ரொட்டி நீட்டினபடி அந்தரத்தில் நின்றது. ரொட்டியை வேண்டாம் என்று சொன்ன வீடு எங்கள் தெருவில் அதற்கு முன் கிடையாது. யாகுத்ஜானுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது, பாவம்.

பாஷ்ஷாஜானுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "என் தம்பி வீட்டு மானத்தைக் காத்துல பறக்க விட்டுட்டியேடி! வீடு தேடி வந்தவங்க குடுத்த ரொட்டியைத் தட்டறதா? சுகர் சுகர்னு ஆடற. இந்தா, என் விரலைக் குத்து! நான் காலையிலேர்ந்து நவோத் டீதான் குடிக்கறேன், பழம் தின்னிருக்கேன், ஜாம் தின்னிருக்கேன். கல்லு மாதிரி இருக்கேன். எல்லாரும் பாக்கட்டும். குத்துடி!"

"அண்ணி, இது பந்தயம் கட்ற சமாசாரம் இல்ல."

"பயமா இருக்கா? மிஷின் குட்டு வெளிப்பட்டுடும்னு பயமா இருக்கா?"

பயமா? அந்த வார்த்தையை அனபிகாவிடம் சொல்லலாமா? புது ஊசியை எடுத்துப் போட்டு, நாத்தனாரின் விரலைப் பிடித்துக் குத்தினாள். பெண்கள் எல்லாரும் விரிப்பின் மேல் குனிந்து பார்த்தார்கள்.

இருபத்திரண்டு.

"பாத்தியா, கெட்டுப்போன மிஷின்!" என்று பாஷ்ஷாஜான் கைதட்டினாள். கைதட்டலில் சத்தம் இருந்தது, பலம் இல்லை.

"என் விரலையும் பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு யாகுத்ஜான் கையை நீட்டினாள். இன்னொரு புது ஊசி. ஆறு காட்டியது. பாஷ்ஷாஜான் சும்மா இருக்காமல், தண்ணீரில் கையைக் கழுவி, வேறு விரலை நீட்டினாள். மறுபடி இருபத்திரண்டு. அப்புறம் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அனபிகாவின் கண் நாத்தனாரின் காலுக்குப் போனது. தடித்த கம்பளிக் காலுறை. அடிக்கடி தாகம் என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கிறவள், ராத்திரி பலமுறை எழுந்து வெளியே போகிறவள். சூடு சூடு என்று ஊருக்குச் சொன்னவள் தன் உடம்பை ஒருநாளும் பார்த்ததில்லை.

"காலுறையைக் கழட்டுங்க அண்ணி."

"இத்தனை பேர் முன்னாடியா? போடி."

அனபிகா மெத்தையிலிருந்து இறங்கி, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே நகர்ந்து போய், இரண்டு காலுறையையும் பிடித்து இழுத்தாள். வலது காலில் ஒன்றுமில்லை. இடது குதிகாலில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தீக்காயம், தோல் பிய்ந்து, நடுவில் சீழ். தந்தூரிலிருந்து விழுந்த நெருப்பை மிதித்திருக்கிறாள்.

"இது எப்ப ஆச்சு?"

"எது?" பாஷ்ஷாஜான் காலை மடக்கிப் பார்த்தாள். "அட, இது என்ன?"

"வலிக்கலையா?"

"என்ன வலி?"

அந்த இரண்டு வார்த்தை அனபிகாவின் நெஞ்சில் கத்தியாகப் போய்ச் செருகியது. கோடையில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு அவள் சொன்ன அதே பதில். நாத்தனாரோடு முப்பது வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறாள், ஒருநாளும் அவளுக்காகப் பயந்ததில்லை. இப்போது பயந்தாள்.

யாகுத்ஜான் ரொட்டியையும் பழத்தையும் துணியில் கட்டி ஓரமாக நகர்த்தினாள். பாஷ்ஷாஜானின் வாய் ஜன்மத்தில் முதல் தடவையாகத் தணிந்தது. பக்கத்திலிருப்பவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"வெட்டிடுவாங்களாடி?"

"வெட்டறதுக்கு வரட்டும், பாத்துக்கறேன். இந்த வீட்டுலேர்ந்து இனிமே ஒரு நகத்தைக்கூட எடுத்துட்டுப் போக விடமாட்டேன். காலுறையைப் போடாதீங்க. ஓய்ஜமால், டாக்ஸிக்குச் சொல்லு!"

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் டாக்டர் ஸாபிரோவ் முன்னால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் பாஷ்ஷாஜானின் குதிகாலைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டார். எலும்புவரை போகவில்லை, நல்லவேளை, இன்னும் கொஞ்சநாள் காலுறைக்குள்ளேயே கிடந்திருந்தால் இதே மேஜையில் படுக்கவேண்டியிருக்கும் என்றார். அனபிகாவின் கட்டைப் பிரித்தவர் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். கறுப்புக் கோடு நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. அதற்கு உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுச் சதை.

"என்ன பண்ணினீங்க?"

"ஊரைப் பகைச்சுக்கிட்டேன்" என்றாள் அனபிகா.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைச் சொல்ல எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரே மிஷின், இரண்டு பிடிவாதக்காரிகள். "என்னோடது எட்டு, உன்னோடது என்ன?" என்று காலையில் எழுந்ததும் போட்டி. டப்பாவின் பக்கம் ஒருத்தி நடந்தால் இன்னொருத்தி இருமுவாள். வாசலுக்கு வருகிறவர்களை இப்போது பாஷ்ஷாஜானே மறித்தாள். "வாங்க, உக்காருங்க, ஆமீன் சொல்லுங்க. இனிப்பு இருந்தா திரும்ப எடுத்துட்டுப் போங்க. முட்டை இருந்தா உள்ளே வையுங்க." தெரு முணுமுணுத்தது, அப்புறம் முட்டை கொண்டுவர ஆரம்பித்தது. மூன்று வீட்டிலிருந்து, "என் விரலையும் கொஞ்சம் பாரேன்" என்று ரகசியமாக வேறு வந்தார்கள்.

முதல் பனி விழுகிற சமயம். தோட்டத்தில் கடைசிப் பழங்கள் கிடந்தன. அன்று காலை குர்லன் ஆள் வேனைப் பார்க்க வந்துவிட்டான். மத்யாகூப் அவனோடு வேனைச் சுற்றிச் சுற்றி வந்து டயரைத் தட்டிக்கொண்டிருந்தான். அனபிகா அகலமான மெத்துச் செருப்போடு, தானே நடந்து வெளியே வந்தாள். நேற்றுத்தான் டாக்டர் புண் முழுக்க மூடிவிட்டது, வண்டி ஓட்டலாம், தினமும் காலைத் திருப்பிப் பார்த்துக்கொள் என்று அனுமதி கொடுத்திருந்தார்.

"கையை எடு" என்றாள் அந்த ஆளிடம்.

"உங்க வீட்டுக்காரர்தான் வரச்சொன்னார்..."

"அவரை வேணா கூட்டிட்டுப் போ. நல்லா பழம் பறிப்பார். வண்டி விக்கறதுக்கு இல்ல."

மத்யாகூப் என்ன நினைத்தானோ, குர்லன் ஆளைத் தோளில் தட்டி ஓரமாக அழைத்துப்போனான். பழக்கூடைகளைத் தூக்கி வேனில் ஏற்றியதும் அவன்தான்.

பாஷ்ஷாஜான் ஒரு துணி மூட்டையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் டாக்டரிடம் காலைக் காட்டவேண்டிய நாள்.

"மூட்டையில என்ன?"

"டாக்டருக்கு. மனுஷன் நம்ம ரெண்டு பேர் காலையும் காப்பாத்தியிருக்கார், வெறுங்கையோடயா போறது? நல்ல நவோத்தா பொறுக்கிக் கட்டியிருக்கேன்."

"அண்ணி!"

"என்னடி கத்தற? அவருக்குச் சுகர் இல்ல, கேட்டுட்டேன்."

அனபிகா சாவியைப் போட்டுத் திருப்பினாள். எவ்வளவோ நாளாக நின்ற வண்டி இருமித் தும்மி உயிர் பிடித்தது. வலது காலைத் தூக்கி ஆக்சிலரேட்டரில் வைத்து அழுத்தினாள். விரல் இருந்த இடத்தில், தையல் போட்ட தழும்பில், சுருக்கென்று ஒன்று இழுத்தது. முகம் கோணியது.

பாஷ்ஷாஜான் பதறிப்போனாள். "என்னாச்சு? வலிக்குதா?"

"வலிக்குது அண்ணி" என்றாள் அனபிகா. சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நல்லாவே வலிக்குது."

பாஷ்ஷாஜான் இரண்டு கையையும் ஏந்தி, தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் ஆமீன் என்று முகத்தைத் தடவிக்கொண்டாள். வேன் உர்கென்ச் ரோட்டில் ஏறியது.